பண்டிகை வீட்டில் ஓர் இலை கூடுதலாக

இந்த வாரக் கடிதங்களில் மூன்று ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ‘தி ஹாலிடே சிட்டர்’ என்ற அமெரிக்க கிறிஸ்துமஸ் படத்தைத் தோழிகளோடு பார்த்தேன். சகோதரியின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஒருவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இடையே மலரும் காதல்தான் கதை. இரண்டு ஆண்களின் காதலைப் பண்டிகை விடுமுறைக்குள் கொண்டுவந்து, முடிவில் குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஏன்?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: நமக்குத் தீபாவளியும் பொங்கலும் எப்படியோ, அமெரிக்கர்களுக்குக் கிறிஸ்துமஸ் அப்படி. எந்த ஊரில் வேலை பார்த்தாலும், விமானம் பிடித்தாவது அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும் நாள்கள் அவை. வீட்டுக் கதவு சாத்தப்பட்ட ஒருவருக்கோ ஆண்டிலேயே கடக்க மிகக் கடினமான வாரமும் அதுதான். ஆணும் பெண்ணும் காதலிக்கும் விடுமுறைக் கதையில் அவர்கள் சேர்வார்களா என்பது மட்டுமே கேள்வி. தன்பாலீர்ப்பாளர்களின் கதையிலோ, சேர்ந்த பிறகு இருவருக்கும் அந்தப் பண்டிகை வீட்டில் இடம் உண்டா என்ற இரண்டாவது கேள்வியும் இருக்கிறது. அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நான் அதிகம் கலங்குகிறேன்.

இதற்குப் பின்னால் ஒரு துயர வரலாறு உண்டு. 1980களில் எய்ட்ஸ் நோய் அமெரிக்க நகரங்களைச் சூறையாடியபோது, ஆண்டுக்கணக்கில் உடனிருந்து மலமும் சளியும் துடைத்தவரை ‘நீங்கள் உறவினர் இல்லை’ என்று வெளியே நிறுத்திய மருத்துவமனைகள் இருந்தன. எட்டிப் பார்க்காத இரத்த உறவுகள் வந்து இறுதிச் சடங்கை நடத்திவிட்டுப் போனதும் உண்டு. வீடிழந்தவர்கள் பண்டிகை நாள்களில் ஒருவருக்கொருவர் சமைத்துப் போட்டார்கள், ஒருவருக்கொருவர் பிணம் தூக்கினார்கள். ‘தேர்ந்தெடுத்த குடும்பம்’ என்ற சொல்லுக்கு அங்கே இவ்வளவு கனம் வந்தது அப்படித்தான். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் இத்தகைய குடும்பங்களோடு பழகி ஆராய்ந்த மானுடவியலாளர் கேத் வெஸ்டனின் நூல் 1991இல் வெளிவந்தது.

சட்டத்தின் கதவு திறந்த விதமும் ஒரு காதல் கதைதான். ஒஹாயோவைச் சேர்ந்த ஜிம் ஓபர்கெஃபெல்லும் ஜான் ஆர்தரும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஆர்தருக்கு உடலை முடக்கும் ஏ.எல்.எஸ். நோய் முற்றிவிட்ட நிலையில், அவர்கள் மாநிலம் திருமணத்தை ஏற்காததால், மருத்துவ விமானமொன்றை அமர்த்திக்கொண்டு மேரிலாந்துக்குப் பறந்து, 2013 ஜூலையில் விமான நிலையத்தில் நின்ற அந்த விமானத்துக்குள்ளேயே மணம் செய்துகொண்டார்கள். மூன்று மாதங்களில் ஆர்தர் இறந்துவிட்டார். அவருடைய இறப்புச் சான்றிதழில் வாழ்க்கைத் துணை என்ற இடத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பதே ஓபர்கெஃபெல் கேட்டது. அந்த வழக்கில்தான், 2015 ஜூன் 26 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், தன்பாலினத் திருமணம் நாடு முழுவதற்குமான உரிமையாயிற்று. ஒரு படிவத்தில் ஒரு கட்டம். அதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

தொலைக்காட்சி இன்னும் மெதுவாகத்தான் வந்தது. கிறிஸ்துமஸ் காதல் படங்களுக்குப் பெயர்போன ஹால்மார்க் அலைவரிசை, 2019 டிசம்பரில் இரண்டு மணப்பெண்கள் முத்தமிடும் விளம்பரத்தை எதிர்ப்புக்கு அஞ்சி நிறுத்தியது. நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் சில நாள்களில் மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டே, குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்கும் ஆண் தம்பதியை அதன் படமொன்றில் துணைப் பாத்திரங்களாகக் காண முடிந்தது. நீங்கள் பார்த்த படம் 2022 டிசம்பரில் வந்தது. அந்த அலைவரிசையின் கிறிஸ்துமஸ் படங்களில் ஆண்கள் இருவரின் காதலே மையக் கதையாக அமைந்த முதல் படம் அது.

நியூ ஜெர்சியில் என் தம்பி மகள் வீட்டில் ஒரு டிசம்பர் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டில் வாழ்ந்த இரண்டு ஆண்கள் எங்களைத் தேநீருக்கு அழைத்திருந்தார்கள். கணப்பு அடுப்பின் மேல், வீட்டில் ஒவ்வொருவருக்கும் கிறிஸ்துமஸ் பரிசு போட்டு வைக்கும் அவர்கள் வழக்கப்படி, சிவப்புக் காலுறைகள் மூன்று தொங்கின. இரண்டில் அவர்களுடைய பெயர்கள் நூலால் தைக்கப்பட்டிருந்தன; சிறியதாக இருந்த மூன்றாவதில் பெயர் இல்லை. தத்தெடுக்க விண்ணப்பித்துப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன என்று, தேநீரை ஊற்றியபடியே ஒருவர் சொன்னார். மற்றவர் எழுந்து போய், சாய்ந்திருந்த அந்தச் சின்னக் காலுறையை நேராக்கிவிட்டு வந்தார்.

கேள்வி: இந்தக் கதைகளின் முடிவில் வரும் குடும்பம் நம் நாட்டுச் சட்டப்படி சாத்தியமா?
– வாசகர், திருச்சி

பதில்: பாதி வழி வந்திருக்கிறோம். ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயது வந்தோர் மனமொப்பி வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அறிவித்தது. ஆனால் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில், தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பளிக்க அது முன்வரவில்லை. இணையாகத் தத்தெடுக்கும் உரிமையும் பெரும்பான்மைத் தீர்ப்பில் கிடைக்கவில்லை. தனி ஒருவராகத் தத்தெடுக்கலாம். அப்போது வீட்டிலுள்ள மற்றவர் சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தைக்கு யாரோ ஒருவர்தான். எனக்கு இது பெரும் அநீதியாகவே படுகிறது.

இருப்பினும், 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஆட்கொணர்வு வழக்கில் சொன்னதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பெற்றோர் பிடியில் இருந்த இளம்பெண்ணை மீட்கக் கோரி அவருடைய துணைவி தொடுத்த வழக்கு அது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும், தேர்ந்தெடுத்த குடும்பம் என்ற கருத்து நீதித்துறையில் நிலைபெற்றுவிட்டது என்றும் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் கூறி, அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி போகவிட்டார்கள். தன்பாலீர்ப்பு கொண்ட தன் மகனுக்காக வெளிப்படையாக எழுதிய நீதிபதி லீலா சேத்தை அந்தத் தீர்ப்பு நினைவுகூர்ந்து, எல்லாத் தாய்மாரும் அவரைப்போல் இருப்பதில்லை என்று வருந்தியது.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகனுக்கு வயது 29. தான் ஓர் ஆணை நேசிப்பதாகச் சென்ற ஆண்டு சொன்னான். இந்தப் பொங்கலுக்கு அவரை அழைத்து வரலாமா என்று கேட்கிறான். வேண்டாம் என்றால் அவனும் வராமல் இருந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. கணவர் ஒன்றும் பேசுவதில்லை. மகளும் பேரக்குழந்தைகளும் கொழுந்தனார் குடும்பமும் வீட்டில் இருப்பார்கள். யாரிடம் என்ன சொல்வது?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அழைத்து வரச் சொல்லுங்கள், சகோதரி. ‘வரலாமா’ என்று மகன் கேட்டிருப்பதிலேயே, ‘வேண்டாம்’ என்றால் தானும் வராமல் இருந்துவிடுவானோ என்ற உங்கள் அச்சத்துக்கான பதிலும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உறவினர்களிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதை உங்கள் மகனே முடிவு செய்யட்டும். அது அவருடைய செய்தி. அவர் சொல்லாத வரையில், வந்திருப்பவரின் பெயரையும் ஊரையும் வேலையையும் சொல்லி அறிமுகப்படுத்தினால் போதும். குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். நீங்கள் தயங்கினால்தான் கொழுந்தனார் வீட்டார் துருவுவார்கள். இடம் போதாது என்று சொல்லி அவரை லாட்ஜில் தங்க வைத்துவிடாதீர்கள். அந்த ஒரு செயலை உங்கள் மகன் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்.

கணவரின் மௌனத்தை மறுப்பென்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவரிடம் சம்மதம் கேட்டு வற்புறுத்தாமல், கரும்புக் கட்டு வாங்கப் போகும்போது அந்தப் பிள்ளையையும் உடன் அனுப்பிப் பாருங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாத ஆண்கள் பலர், சேர்ந்து ஒரு சுமையைத் தூக்கும்போது பேசிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

முறை என்ன, எப்படிக் கூப்பிடுவது என்ற கவலையும் வேண்டாம். உங்கள் மகனை மாமா என்று அழைக்கும் பேரக்குழந்தைகள், மாலைக்குள் அவரையும் மாமா ஆக்கிவிடுவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது வேறு: அவருக்கு என்ன பிடிக்கும், எதைத் தொடமாட்டார் என்பதை மகனிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலன்று பந்தி போடும்போது அவரைக் கடைசி வரிசைக்கு நிறுத்தி வைக்காமல், முதல் பந்தியிலேயே உங்கள் மகனுக்குப் பக்கத்தில் இலை போடுங்கள்.