மெஷின் பட்டறை: காத்து பிரேக் விட மாட்டேங்குது

கேள்வி: அண்ணே, புக்கிட் மெர்தாஜாம்ல ஒரு சின்ன பட்டறையில வேலை பாக்குறேன். எங்க பழைய சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற) மில்லிங் மெஷின்ல ஸ்பிண்டில், அதான் டூல பிடிச்சு சுத்துற தண்டு, நிக்கிறதுக்கு காத்து பிரேக். காலையில ஸ்டார்ட் பண்ணா பிரேக் உடனே விடாது, ரெண்டு மூணு செகண்ட் இழுத்துட்டு, சில நேரம் மோட்டார ஓட்டுற டிரைவ் ஓவர்லோடுன்னு டிரிப் ஆயிடும், மத்தியானத்துக்கு மேல பரவால்ல. காத்து பத்தலன்னு நெனைச்சு காத்தழுத்தத்த வைக்கிற ரெகுலேட்டர 6 பார்ல இருந்து 7க்கு ஏத்துனேன், இன்னும் மோசமாயிடுச்சு. பிரேக்க கழட்டி போட்டுட்டு ஓட்டுன்னு பாஸ் சொல்றாரு, ஓட்டலாமா?

பதில்: தம்பி, காத்த ஏத்துனதும் மோசமாச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. காத்து பிரேக்ல ரெண்டு வகை. ஒண்ணுல காத்து வந்து பிடிக்கும், ஸ்பிரிங் விடுவிக்கும். இன்னொண்ணு நேர் எதிர், ஸ்பிரிங் பிடிக்கும், காத்து வந்தாதான் விடும். மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணி பூட்டுங்க, காத்த அடைச்சு கேஜ் பூஜ்யத்துக்கு வந்தப்புறம் ஸ்பிண்டில கையால சுத்துங்க. லேசா சுத்துச்சுன்னா முதல் வகை, உங்களோடது அதுவாதான் இருக்கணும்னு நெனைக்கிறேன், அதுல பிரேக் விடணும்னா சிலிண்டர்ல இருக்குற காத்து வெளிய போகணும். நீங்க உள்ள இன்னும் கொஞ்சம் ஏத்திட்டீங்க, வெளிய போக வேண்டியது கூடிப்போச்சு, வழி மட்டும் அதே அடைப்போட கெடக்கு. மொதல்ல ரெகுலேட்டர பழைய இடத்துக்கே இறக்குங்க.

அப்புறம் பிரேக்குக்கு காத்த விட்டு எடுக்குற வால்வோட எக்ஸாஸ்ட் துளையில, அதான் காத்து வெளிய போற துளையில (3ன்னு போட்டிருக்கும்), சத்தத்த குறைக்க வெண்கலத்துல ஒரு சின்ன சைலென்சர் மாட்டியிருப்பாங்க, நம்மாளுங்க யாரும் திரும்பியே பாக்காத சாமான் அது. எண்ணெயும் தண்ணியும் கலந்து பசையா அடைச்சிருக்கும். கழட்டிட்டு ஒரு தடவ ஓட்டி பாருங்க, பிரேக் டப்புன்னு விட்டா ஆள் சிக்கிட்டான், புதுசு வாங்கி போடுங்க, திறந்தே விட்டுடாதீங்க, இரும்பு சிப்ஸ் தூசி உள்ள போயிடும்.

அப்பவும் இழுத்தா வால்வுல இருக்குற சின்ன மேனுவல் பட்டன அமுக்கி பாருங்க, ஸ்பிண்டில் நின்னுட்டு இருக்கும்போது மட்டும். கையால வால்வு சுறுசுறுப்பா மாறுது, ஆனா ஸ்டார்ட் குடுத்தா மாறலன்னா கோளாறு கரண்ட் பக்கம், வால்வ கரண்ட்ல மாத்துற காயில்ல மீட்டர் வச்சு பாருங்க. கையாலயே மெதுவாதான் மாறுதுன்னா உள்ள நகர்ந்து வழிய மாத்துற ஸ்பூல் ஒட்டிக்கிச்சு. காத்த அடைச்சு, கேஜ் பூஜ்யம் பாத்து, சிலிண்டர் டியூப உருவுங்க, காத்தே இல்லாதப்பயும் பிரேக் பிடிச்சிருக்குன்னா அப்பதான் ஸ்பிரிங், துருப்பிடிச்ச ராடு, அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ இதெல்லாம் பாக்கணும். நெறைய பேர் இதுலதான் ஆரம்பிச்சு ஒரு நாள் வேலைய கெடுத்துக்குறாங்க.

காலையில மட்டும் ஏன்? நம்ம பினாங்கு பக்கத்து ஈரக்காத்த 7 பாருக்கு அமுக்குனா, வெளிக்காத்தோட 1 பாரையும் சேத்து, எட்டு பங்கு காத்து ஒரு பங்கு இடத்துல அடங்கணும், அதுல இருக்குற ஈரம் தண்ணியா எறங்கிடும், ராத்திரி மெஷின் சும்மா நிக்கும்போது லைன்ல, வால்வுல தங்கிடும். பசையும் குளிர்ந்து கெட்டியாவும், மெஷின் சூடேறுனதும் கொஞ்சம் இளகும். அதனால கம்பிரஸர் டாங்கி, ஃபில்டர் கப்பு ரெண்டையும் தினமும் வடிங்க. எண்ணெய் போடுற லூப்ரிகேட்டர் இருந்தா ஐஎஸ்ஓ விஜி 32 ஏர்லைன் எண்ணெய் மட்டும்தான், மோட்டார் சைக்கிள் எண்ணெய் ஊத்துனா சீல் ஊதிப்போகும். பிரேக் லைனிங் பக்கம் துருப்பிடிக்காம இருக்க அடிக்கிற ஸ்பிரே எதையும் அடிச்சிடாதீங்க, அப்புறம் பிடிக்கவே பிடிக்காது.

பாஸ் சொன்னதுக்கு: வேணாம். பிரேக் இல்லாம ஸ்பிண்டில் ரொம்ப நேரம் சும்மா சுத்தும், டூல் மாத்துற அவசரத்துல கைய நீட்டுறவன் நீங்கதான், அவரு இல்ல. சைலென்சர் வெல சில ரிங்கிட்தான்னு அவருகிட்ட சொல்லுங்க, அதுக்கு மேல வேற பேச்சு தேவைப்படாது.