ராணி தலைமேல் அடித்த எழுத்து: தபால்தலைக் கேள்வி பதில்

மாமா விட்டுப்போன ஆல்பத்தில் விக்டோரியா ராணி படம் போட்ட இந்திய 2 அணா மஞ்சள் ஸ்டாம்ப் ஒன்று இருக்கிறது. அதன்மேல் கறுப்பு மையில் ஒரு கிரீடம், கீழே 'தர்ட்டி டூ சென்ட்ஸ்'. வட்டமான மெட்ராஸ் முத்திரையும் இருக்கிறது. நல்ல விலை போகுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

மெட்ராஸ் முத்திரை என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் 1867 ஏப்ரல் 1 வரை கல்கத்தாவின் கீழ் இருந்தவை, அதனால் அங்கேயும் நம் அணா ஸ்டாம்ப்தான் ஓடியது. தனிக் காலனி ஆனதும், ஊரில் புழங்குவது டாலரும் சென்ட்டும் என்பதால், இந்திய ஸ்டாம்பிலேயே கிரீடத்தையும் சென்ட் மதிப்பையும் அடித்து அதே வருஷம் செப்டம்பர் 1 அன்று 9 மதிப்புகளில் வெளியிட்டார்கள். 2 அணா மஞ்சள் ஒன்றையே ஊதா மையில் 6 சென்ட்டாகவும் பச்சையில் 8 ஆகவும் கறுப்பில் 32 ஆகவும் மாற்றியிருக்கிறார்கள்!

ஆக, இந்த ஸ்டாம்பை ஒட்டிய கடிதம் மலாயாப் பக்கம்தான் தபாலில் சேர்ந்திருக்க வேண்டும், அங்கேதான் முத்திரை விழுந்திருக்க வேண்டும். முத்திரையில் பி 172 என்று இருந்தால் சிங்கப்பூர், பி 147 பினாங்கு, பி 109 மலாக்கா. மெட்ராஸில் அடித்த முத்திரை பொதுவாக உறையின் பின்பக்கம்தான் இருக்கும். கப்பலில் வந்த கடிதம் அபூர்வமாகத் தப்பியிருக்கலாம், ஆனால் அதை நம்ப எனக்கு முழு உறையும் வேண்டும், தனி ஸ்டாம்ப் போதாது. இந்தியாவில் ஓடித் தேய்ந்த சாதாரண 2 அணாவை வாங்கி யாரோ கிரீடம் அடித்திருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு. விற்க நினைத்தால் இதைச் சொல்லியே விற்கவும்.

வீட்டில் ஒரு லென்ஸ் மட்டும் இருக்கிறது. ஓவர்பிரிண்ட் (ஸ்டாம்பின்மேல் பிறகு அடித்த எழுத்து) போலியா என்று நானே பார்க்க முடியுமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பத்து மடங்கு லென்ஸாக இருந்தால் பாதி வேலை முடியும். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: முழு ஸ்டாம்பைப் போலி செய்வது பெரிய பாடு, தாள், நீர்க்குறி (தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் குறி), ஓரத் துளை, நிறம் எல்லாம் பொருந்த வேண்டும். ஓவர்பிரிண்டில் அந்தக் கவலையே இல்லை, அடியில் இருப்பது அசல் அரசாங்க ஸ்டாம்ப், ஏமாற்றுக்காரன் நாலு எழுத்து அடித்தால் போதும். அதனால் நீர்க்குறி சரியாக இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் அதில் மயங்க வேண்டாம். தப்பாக இருந்தால் மட்டும் அது சாட்சி. நான் மேலே சொன்ன 1867 வரிசையில் யானைத்தலை நீர்க்குறி இருக்க வேண்டும், நட்சத்திரம் தெரிந்தால் அது பின்னால் வந்த தாள், அங்கேயே கதை முடிந்தது.

அப்புறம் எழுத்தும் தபால் முத்திரையும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைப் பாருங்கள். எழுத்து முதலில் அச்சானது, முத்திரை பிறகு விழுந்தது, ஆகவே முத்திரை மைதான் மேலே படிந்திருக்க வேண்டும். இரண்டும் கறுப்பாக இருந்தால் கண் ஏமாற்றும், சாய்வான வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், அப்படியும் தெரியாவிட்டால் தீர்ப்புச் சொல்லாமல் விடுவதே நல்லது. முத்திரையில் தேதி தெரிந்தால் இன்னும் சுலபம், ஓவர்பிரிண்ட் வெளியாவதற்கு முந்தைய தேதி என்றால் பேச்சே இல்லை.

நான் அதிகம் நம்புவது வேறொன்றை. ஸ்டாம்பில் கிழிசலோ, பின்பக்கம் தாள் உரிந்து மெலிந்த இடமோ இருந்தால், ஓவர்பிரிண்ட் மை அதற்குள் இறங்கியிருக்கிறதா பாருங்கள். அச்சகத்துக்குப் போனபோது அது புதுத் தாள், கிழிசல் பிறகு வந்தது. மை கிழிசலுக்குள் ஊறியிருந்தால் எழுத்து கிழிசலுக்குப் பின்னால் அடித்தது என்றுதானே அர்த்தம்? இப்போதைய பிரிண்டரில் அடித்தது லென்ஸில் புள்ளி புள்ளியாகவோ, பிளாஸ்டிக் மாதிரி பளபளப்பாகவோ தெரியும். அந்தக் கால எழுத்தச்சில் மை ஓரங்களில் பிதுங்கி நிற்கும், பின்பக்கம் லேசாக அழுத்தமும் தெரியும்.

1942 ஜப்பானியர் காலத்துச் சாப்பு அடித்த பேராக், சிலாங்கூர் ஸ்டாம்புகள் சில கைக்கு வந்திருக்கின்றன. வாங்கலாமா?
– வாசகர், ஈப்போ

சான்றிதழ் இல்லாமல் விலையுள்ள எதையும் வாங்காதீர்கள். சாப்பு என்பது கையால் அடித்த ஜப்பானிய முத்திரை, அசலே சாய்ந்தும் மங்கியும் இருக்கும் என்பதால் போலிக்கு அது ரொம்ப வசதி. சில நிற மைகள் அதிகம், ஊதாவும் பழுப்பும் குறைவு. போலி அடிப்பவனும் அந்த அபூர்வ நிறத்தைத்தான் தேடிப் போவான். தபால்தலை சேகரிப்போர் சங்கமான லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டி போன்ற இடங்களில் நிபுணர் குழு பார்த்துச் சான்று தருவார்கள். கட்டணம் உண்டு, ஆகவே மலிவான சாதாரணச் சாப்புக்கெல்லாம் அனுப்பிக் காசைக் கரைக்க வேண்டாம்.

இலங்கையின் 'வார் ஸ்டாம்ப்' என்று அச்சிட்ட 1918 தலைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இவற்றிலும் போலி உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

சாதாரணமானவை மலிவு, அதைப் போலி செய்பவனுக்கு மைச்செலவுகூடத் தேறாது. எழுத்து தலைகீழாக விழுந்தது, இரட்டையாக விழுந்தது என்று யாராவது விலை சொன்னால் மட்டும் லென்ஸை எடுங்கள்.

காந்தி 10 ரூபாய் ஸ்டாம்ப், அரசு அலுவலகத் தபாலுக்கான 'சர்வீஸ்' அச்சோடு, ஒருவர் இருபதாயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார்…
– வாசகர், கோவை

1948-ல் கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக அச்சிட்டதே 100தான். அதில் நான்கு சேர்ந்த துண்டு ஒன்று 2017-ல் 5 லட்சம் பவுண்டுக்குப் போனது. இருபதாயிரத்துக்குக் கிடைக்கிறது என்றால் அது என்னவென்று உங்களுக்கே தெரியும். சர்வீஸ் எழுத்து இல்லாத 10 ரூபாயே நல்ல விலையுள்ள ஸ்டாம்ப், அதன்மேல் போய் இப்படி அடித்துக் கெடுத்தவனை நினைத்தால்தான் எரிச்சலாக இருக்கிறது.

போலி என்று தெரிந்தவற்றை எறிந்துவிடலாமா?
– அதே மதுரை மாணவி

வேண்டாம். லண்டனில் மேடம் ஜோசப் என்ற பெயரோடு தொடர்புபடுத்தப்படும் போலித் தபால் முத்திரைகள் 400-க்கு மேல் இருக்கின்றன. காலனி நாடுகளின் பயன்படுத்தாத ஸ்டாம்பைப் பயன்படுத்தியதாகக் காட்டி விற்பதற்காகச் செய்தவை. அவற்றை அழிக்காமல் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியில் வைத்திருப்பதால்தான் இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. உங்களிடம் உள்ளதைத் தனி ஏட்டில் ஒட்டி, பின்பக்கம் பென்சிலால் 'போலி' என்று எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும்.