வேலையை விட்டுவிட்டு ஆவணப்படம் எடுக்கப் போகலாமா?

கேள்வி: காட்சித் தொடர்பியல் படித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் கேமராவும் எடிட்டிங்கும் செய்கிறேன். வயது 28. உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கையில் இரண்டு லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஆவணப்பட இயக்குநர் ஆகிவிடலாமா? இதில் வருமானம் எங்கிருந்து வரும்? சென்சார் வாங்க வேண்டுமா? படம் முடிந்ததும் யூடியூபில் போட்டுவிடலாமா?

பதில்: வேலையை விடாதீர்கள். ஆனால் படத்தை இந்த வருடமே ஆரம்பித்துவிடுங்கள். இரண்டும் முரண் போலத் தெரியலாம், உங்கள் ஊரில், உங்கள் தொழிலில் அது நடக்கக்கூடியதுதான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலும் பெரும்பாலும் குறைவு. ஆடி என்பது உப்பு வாருகிற காலம். மார்கழி, மழை ஓய்ந்து பாத்திகளைச் சரிசெய்யத் தொடங்குகிற காலம். உங்கள் ஸ்டுடியோவுக்கு வேலை இல்லாத நாட்களிலேயே அளத்தின் இரண்டு முகங்களும் உங்களுக்குக் கிடைத்துவிடுகின்றன. சென்னையிலிருந்து வருகிற இயக்குநருக்கு இந்த வசதி இல்லை. அவர் லாட்ஜுக்கும் வாடகை வண்டிக்கும் கொடுக்கிற காசை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

படத்தை விற்ற காசில் மட்டும் குடும்பம் நடத்துகிற சுயேச்சை ஆவணப்பட இயக்குநர்கள் இந்தியாவில் மிகக் குறைவு. விழாக்களில் பேர் வாங்கியவர்கள்கூட கல்லூரியில் வகுப்பு எடுக்கிறார்கள், தொண்டு நிறுவனங்களுக்கு வீடியோ செய்கிறார்கள், அடுத்தவர் படத்துக்கு எடிட் செய்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படம் அவ்வளவு காலம் எடுக்கும் என்பதுதான் காரணம். ‘கபர் லஹரியா’ என்ற செய்தி நிறுவனத்தின் பெண் நிருபர்களைப் பற்றி ரிந்து தாமஸும் சுஷ்மித் கோஷும் எடுத்த படம் 2016 வாக்கில் தொடங்கி, 2021 ஜனவரியில்தான் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையேறியது. ஆஸ்கர் பரிந்துரை அதற்கும் அடுத்த வருடம். நம்மூர் ஏ.கே. செட்டியாருக்கு காந்தியைப் பற்றிப் படமெடுக்கும் யோசனை 1937-ல் கப்பல் பயணத்தில் தோன்றியது. உலகம் சுற்றி ஐம்பதாயிரம் அடி படச்சுருள் சேர்த்து அவர் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது 1940 ஆகஸ்டில். இத்தனை வருடம் சோற்றுக்கு வழி வேண்டாமா? அந்த வழியை முதலில் அடைத்துவிட்டு ஆரம்பிப்பவர்கள், பாதியில் படத்தையும் விட்டுவிட்டுப் போவதுதான் அதிகம்.

இரண்டு லட்சத்தில் புது கேமரா வாங்காதீர்கள். நாள் வாடகைக்கு எடுங்கள், அல்லது ஸ்டுடியோ கேமராவையே கேட்டு வாங்குங்கள். காசைப் போட வேண்டியது மைக்கிலும் ஹார்ட் டிஸ்கிலும். அளத்தில் காற்று விடாமல் அடிக்கும். காற்றுத் தடுப்பு இல்லாத மைக்கில் பதிவானது எந்த எடிட்டிங்கிலும் தேறாது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். நூறு மணி நேரம் எடுப்பீர்கள் (ஆவணப்படத்துக்கு அது அதிகமில்லை), அது 4.5 டிபி. இரண்டு பிரதி வைக்க 9 டிபி. இரண்டாவது பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். எடிட்டிங்குக்கு டாவின்ச்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும்.

சரி, வருமானம். மூன்று வாசல் உண்டு.

முதல் வாசல் நிதி நல்கை. ஒரு காலத்தில் மத்திய அரசின் ஆவணப்படப் பிரிவான ஃபிலிம்ஸ் டிவிஷன் இருந்தது, 1948-ல் தொடங்கியது. 2022-ல் அதை தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்.எஃப்.டி.சி.) இணைத்துவிட்டார்கள். டெல்லியில் பி.எஸ்.பி.டி. என்ற அறக்கட்டளை தூர்தர்ஷனோடு சேர்ந்து ஏராளமான சுயேச்சைப் படங்களுக்குக் காசு கொடுத்தது, அந்த வாசலும் முன்போல் திறந்தில்லை. இப்போது நம்மவர்கள் விண்ணப்பிக்கிற இடங்கள் என்றால், பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், ஆம்ஸ்டர்டாமில் இட்ஃபா என்ற ஆவணப்பட விழாவின் பெர்த்தா ஃபண்ட், அமெரிக்காவில் சன்டான்ஸின் ஆவணப்பட நிதி. கொல்கத்தாவில் நடக்கும் டாக்எட்ஜ், கோவா ஃபிலிம் பஜார் இரண்டும் பணம் கொடுப்பவர்களைச் சந்திக்கிற சந்தைகள். அங்கே உங்கள் படத்தைச் சில நிமிடங்களில் எடுத்துச்சொல்ல வேண்டும், அதற்குப் பிட்ச் என்று பேர்.

எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: கதைச் சுருக்கம், படத்தை எப்படிச் சொல்லப் போகிறீர்கள் என்ற விளக்கம், பட்ஜெட், கால அட்டவணை, அப்புறம் ஏற்கெனவே எடுத்த காட்சிகளின் மாதிரி. இந்த மாதிரிக் காட்சியில்தான் பலர் தோற்கிறார்கள். அழகான ட்ரோன் ஷாட், புல்லாங்குழல், ‘உழைப்பே உயர்வு’ என்கிற தொனியில் ஒரு ஆண் குரல். தேர்வாளர்கள் இப்படி ஆயிரம் பார்த்தவர்கள். அவர்கள் தேடுவது நெருக்கம். இந்த மனிதரின் அடுப்படிவரை இந்த இயக்குநரால் போக முடிகிறதா, அவர் கேமராவை மறந்து சண்டை போடுகிறாரா, கடன் கேட்டு வருபவரிடம் பேசும்போதும் கேமராவை இருக்க விடுகிறாரா என்று பார்ப்பார்கள். ஒரே குடும்பத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம் ஒரு கேள்வி கட்டாயம் வரும். ஃபரிதா பாச்சா குஜராத்தின் ரண் பகுதி உப்பளக் குடும்பம் ஒன்றைப் பற்றி எடுத்த ‘மை நேம் இஸ் சால்ட்’ 2013-ல் இட்ஃபாவில் முதல் படத்துக்கான விருது வாங்கியது. உப்பு என்று நீங்கள் வாயைத் திறந்ததும் எதிரே இருப்பவர் அதைத்தான் நினைப்பார். பாருங்கள், ஒன்றுக்கு இரண்டு முறை. பார்த்துவிட்டு, தூத்துக்குடியில் அதிலிருந்து எது வேறு என்று உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். அங்கே குடும்பம் எட்டு மாதம் பாலைவனத்துக்குக் குடிபெயர்கிறது. இங்கே தொழிலாளி விடியும் முன்னே அளத்துக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறார், ஊர் பக்கத்திலேயே துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. இந்த வேறுபாட்டில் எங்கோ உங்கள் படம் இருக்கிறது.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு முள் உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010. கலாசார, சமூக நோக்கத்துக்கான நன்கொடையாகப் பணம் வந்தால் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். நடப்பு விவகார நிகழ்ச்சி தயாரிப்பவர்களுக்கு அத்தகைய நன்கொடைக்கே தடை. தொழில் முறையில் செய்த வேலைக்கான கட்டணமாக வருவது வேறு கணக்கு. ஆகவே ஒப்பந்தம் எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் எல்லாம். கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரைப் பாருங்கள், போட்ட பிறகு பார்த்துப் பயனில்லை.

இரண்டாவது வாசல் பிறருக்காகச் செய்யும் படங்கள். தொண்டு நிறுவனங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள், செய்தித் தளங்கள். உங்களுக்கு மாத வருமானம் இங்கிருந்துதான் வரப்போகிறது, ஸ்டுடியோவிலிருந்து வெளியே வரும் பாதையும் இதுவே. பெரும்பாலும் பத்து சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், வருடம் தவறாமல் ரிட்டர்ன் போட்டால் கணக்கில் வரும். பாதித் தொகை முன்பணமாக வராமல் கேமராவைத் திறக்காதீர்கள்.

கவனம் வேண்டியது உரிமையில்தான். நம் காப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் உரிமையாளர். நீங்கள் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக அளத்தில் பத்து நிமிட வீடியோ எடுக்கிறீர்கள், அதே மனிதர்களின் காட்சிகளை நான்கு வருடம் கழித்து உங்கள் படத்தில் சேர்க்கிறீர்கள். அன்றைக்கு அவர்கள் ஆட்சேபித்தால் சட்டம் அவர்கள் பக்கம். அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: முடிந்த வீடியோ உங்களுடையது, மற்ற ஃபுட்டேஜை என் படங்களில் பயன்படுத்தும் உரிமை எனக்கு. கேட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் கொடுத்துவிடும். கேட்பவர்கள்தான் இல்லை. ஸ்டுடியோ முதலாளியிடமும் இதே கதைதான். அவர் கேமராவில், அவர் சம்பளத்தில் இருக்கும்போது எடுக்கிறீர்கள். ‘இந்தப் படத்தின் ஃபுட்டேஜ் முழுவதும் இவருடையது’ என்று இரண்டு வரி எழுதி வாங்கிவிடுங்கள், உறவு நன்றாக இருக்கும்போதே.

மூன்றாவது வாசல் முடிந்த படத்தை விற்பது. சானலோ தளமோ வாங்க வந்தால் எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாடுகளுக்கு, எந்த ஊடகத்துக்கு என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அவர்கள் நீட்டுகிற தாளில் பெரும்பாலும் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்றுதான் இருக்கும். அதை அடித்து எழுதக் கூச்சப்படாதீர்கள்.

உரிமை என்றதும் பாட்டு நினைவுக்கு வருகிறது. இளையராஜா பாட்டு ஓடாத டீக்கடை தமிழ்நாட்டில் ஏது? அது உங்கள் காட்சியில் ஓடினால், இசைக்கும் வரிகளுக்கும் ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. இரண்டுக்கும் காசு கொடுக்க உங்களால் ஆகாது. பேட்டி எடுக்கும்போது கடைக்காரரிடம் சொல்லி ரேடியோவை நிறுத்திவிடுங்கள்.

இனி அளத்து மனிதர்கள். எல்லாரிடமும் ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும், தமிழில், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக்காட்டி அதையும் வீடியோவில் பதிவு செய்து. விழாவும் சானலும் கேட்கும். ஆனால் அந்தத் தாள் உங்களைத்தான் காப்பாற்றும், அவர்களை அல்ல. முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிற ஒரு பெண் கூலியைப் பற்றி கேமராவில் பேசினால் அடுத்த வாரம் அவருக்கு வேலை இருக்குமா? இதை அவரைவிட முன்னால் நீங்கள் யோசிக்க வேண்டும். எடிட்டிங்கை முடிவாக்கும் முன் அவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள், நீக்கச் சொன்னதை நீக்கிவிடுங்கள். சொல்ல வைக்கக் காசு கொடுக்கக் கூடாது. உங்களால் ஒரு நாள் கூலி போனால் அதைக் கொடுப்பதில் தப்பில்லை என்பது என் கட்சி, ஒத்துக்கொள்ளாதவர்களும் இத்துறையில் உண்டு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தை யாரென்று தெரியும்படி எதையும் காட்டக் கூடாது, பெற்றோர் சம்மதித்தாலும் கூடாது.

சென்சார். பொதுத் திரையிடலுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதுதான் 1952 திரைப்படச் சட்டம். தேசிய விருதுக்கு அனுப்பவும் வேண்டும். திரைப்பட விழா என்றால் அதே சட்டத்தின் 9-ஆவது பிரிவில் மத்திய அரசு விலக்கு தரும், பொதுவாக விழாக்காரர்களே விண்ணப்பிப்பார்கள். விலக்கு எப்போதும் கிடைத்துவிடும் என்றும் இல்லை. 2017-ல் கேரள ஆவணப்பட விழாவில் மூன்று படங்களுக்கு மறுத்தார்கள். அதே வருடம் மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த படத்துக்குத் தமிழ்நாட்டில் பல இடங்களில் திரையிட அனுமதி கிடைக்கவில்லை, யூடியூபில்தான் அது பரவியது, அவர்மீது வழக்குகளும் வந்தன. தணிக்கை வாரியம் வெட்டச் சொன்னால் நீதிமன்றம் போகலாம். ஆனந்த் பட்வர்தன் அணு ஆயுதம் பற்றிய தன் படத்துக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் போராடி 2003-ல் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதி வாங்கினார். உங்கள் படம் கூலி, முதலாளி, அரசு என்று தொடும் என்றால், விண்ணப்பத்தைப் படம் முடிந்த உடனே போடுங்கள். ஊர் ஊராகத் திரையிடும்போது ஒரு காவலர் வந்து ‘சர்ட்டிபிகேட் இருக்கா’ என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்று கையில் இருக்கட்டும்.

கடைசியாக யூடியூப். முடித்த அன்றே போடாதீர்கள். பெரிய விழாக்களில் பல, ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தை எடுப்பதில்லை, சானல்களும் விலையைக் குறைக்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் விழாக்களுக்கு ஒதுக்குங்கள். இட்ஃபா போன்ற பெரியவற்றுக்கு முதலில், பிறகு மும்பை, திருவனந்தபுரம், சென்னையில் மறுபக்கம் அமைப்பு நடத்துகிற ஆவணப்பட விழா. விழாக்களுக்குப் படம் அனுப்புகிற இணையதளமான ஃபிலிம்ஃப்ரீவேயில் மாதாமாதம் விருது கொடுக்கிற, அரங்கமே இல்லாத ‘சர்வதேச’ விழாக்கள் நிறைய உண்டு, நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு போஸ்டரில் ஒட்டிக்கொள்ள இரண்டு இலை வரைந்த விருதுச் சின்னம் அனுப்புவார்கள். அவற்றுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். விழாச் சுற்று முடிந்ததும் தூத்துக்குடியிலேயே, தொழிலாளர் சங்கங்களை வைத்து, அளத்துக்காரர்கள் குடியிருக்கும் தெருக்களில் திரை கட்டிப் போடுங்கள். அதற்குப் பிறகு யூடியூபில் ஏற்றலாம். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், ஒரே ஒரு படத்தை வைத்து அதைத் தாண்டுவது கஷ்டம். படப்பிடிப்பு நடக்கும்போதே எடுத்த சின்னச் சின்னத் துண்டுகளை, படத்தில் வராதவையாகப் பார்த்து, அந்தச் சானலில் போட்டு வைத்திருந்தால் அன்றைக்குப் பார்க்க ஆள் இருக்கும்.