கருதுகோள் தப்பாகிவிட்டது, மாற்றி எழுதலாமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியல் கண்காட்சிக்காக, ‘வெந்நீரில் ஊறவைத்தால் பச்சைப்பயறு சீக்கிரம் முளைக்கும்’ என்று கருதுகோள் எழுதி வைத்துச் சோதனை செய்தாள். பச்சைத் தண்ணீரில் ஊறியதுதான் நன்றாக முளைத்தது. வெந்நீரில் போட்டதில் பாதிகூட முளைக்கவில்லை. முடிவுக்குத் தகுந்த மாதிரி கருதுகோளை மாற்றி எழுதிவிட்டால் மதிப்பெண் குறையாது என்கிறார்கள் தெரிந்தவர்கள். அவள் இரண்டு நாளாக முகம் வாடிக் கிடக்கிறாள். மாற்றிவிடலாமா? கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

பதில்: மாற்ற வேண்டாம். எழுதிய வரி எழுதியபடியே இருக்கட்டும், பக்கத்தில் தேதியையும் போடச் சொல்லுங்கள். இப்போது மாற்றினால் சார்ட் ஒழுங்காகத் தெரியும். ஆனால் அவள் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் அதிலிருந்து அழிந்துபோகும்.

அவள் நினைத்ததில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை. இட்லி மாவு வெயில் காலத்தில் சீக்கிரம் பொங்குவதைப் பார்த்து வளர்ந்த பெண். சவுண்டல் போலத் தோல் கெட்டியான விதைகளை நாற்றங்காலில் வெந்நீரில் போட்டு எடுத்துத்தான் விதைக்கிறார்கள். சூடு பட்டால் தண்ணீர் உள்ளே வேகமாக இறங்கும், அதனால் சீக்கிரம் முளைக்கும் என்று காரணத்தோடு ஊகித்திருக்கிறாள். பயறு ‘இல்லை’ என்று பதில் சொன்னது. இந்த ‘இல்லை’யை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அதிலும் பச்சைப்பயறு வருகிறது, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

1880-களில் இன்றைய இந்தோனேசியா டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அங்கே சிப்பாய்களையும் கைதிகளையும் பெரிபெரி என்ற நோய் வாட்டியது. கால் மரத்துப்போகும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுவிடும். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-ல் கண்டுபிடித்திருந்த காலம் அது. இதற்கும் ஒரு கிருமிதான் காரணமாக இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். அதைத் தேடி 1886-ல் அனுப்பப்பட்ட குழுவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற இளம் ராணுவ மருத்துவர் இருந்தார். மற்றவர்கள் ஊர் திரும்ப, அவர் படேவியாவிலேயே, அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஆய்வுக்கூடப் பொறுப்பை ஏற்றுத் தங்கிவிட்டார்.

அங்கே ஆய்வுக்கூடக் கோழிகளுக்குத் திடீரென்று கால் தள்ளாட ஆரம்பித்தது, பார்க்கப் பெரிபெரி மாதிரியே இருந்தது. கிருமி என்றால் அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்ற வேண்டும். நோயுற்ற கோழியிலிருந்து எடுத்ததை நல்ல கோழிக்கு ஏற்றிப் பார்த்தார். ஊசி போட்டவற்றுக்கு நோய் வந்தது, ஆனால் போடாமல் தனியே வைத்திருந்தவற்றுக்கும் வந்தது. குழப்பத்தில் இருக்கும்போதே நவம்பர் கடைசியில் எல்லாக் கோழிக்கும் நோய் தானாகக் குணமாகிவிட்டது.

இந்த இடத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். எய்க்மான் விசாரித்தார். கோழிகளைப் பார்த்துக்கொண்ட ஆள் செலவை மிச்சம் பிடிக்க, ராணுவ மருத்துவமனைச் சமையலறையிலிருந்து மிஞ்சிய சோற்றை வாங்கிப் போட்டுவந்திருக்கிறார். அது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. அப்புறம் சமையல்காரர் மாறினார். புதிதாக வந்தவர், ராணுவத்துச் சோற்றை ராணுவத்தில் இல்லாத கோழிக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். வெள்ளைச் சோறு போட்டது ஜூன் 17 முதல் நவம்பர் 27 வரை, நோய் தொடங்கியது ஜூலை 10. ஆக, புதிய ஊகம் அரிசியைப் பற்றியது. இந்த முறை அவரே கோழிகளைப் பிரித்துத் தீட்டிய அரிசியும் தீட்டாத அரிசியும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசி தின்றவை படுத்தன, தவிட்டோடு கொடுத்ததும் எழுந்தன.

கோழிக்குச் சரி, மனிதருக்கு? ஜாவாவின் சிறைகளை மேற்பார்த்த ஃபோர்டர்மான் என்ற மருத்துவ அதிகாரி, நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளில் எங்கே என்ன அரிசி என்று கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவருக்குப் பெரிபெரி, தீட்டாத அரிசி போட்ட இடங்களில் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவருக்கு. எனக்கு அவரிடம் பிடித்தது இந்த எண்ணிக்கையைவிட வேறொன்று. கட்டடம் பழையதா, காற்றோட்டம் உண்டா, நெரிசலா என்றும் அவர் குறித்துக்கொண்டார். காரணம் அரிசியாக இல்லாமல் இவற்றில் ஒன்றாக இருந்துவிட்டால்?

இதே கேள்வி 1905 வாக்கில் மலாயாவிலும் வந்தது. வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி கொன்றுகொண்டிருக்க, புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களிடம் அது அரிதாக இருந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசியும் இன்னொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். கோளாறு கட்டடத்தில் இருக்குமோ என்று பார்க்க, இரு பிரிவினரையும் நடுவில் இடம் மாற்றி வைத்தார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை, வெள்ளை அரிசியோடு போனது.

சரி, எய்க்மான் ஜெயித்துவிட்டாரா? இல்லை, அவருடைய விளக்கமும் பிசகியது. அரிசி மாவில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று அவர் எண்ணினார். அவருக்குப் பின் வந்த ஹெரிட் ஹ்ரெய்ன்ஸ், அரிசியே இல்லாமல், அழுத்தத்தில் நெடுநேரம் சூடாக்கிய இறைச்சியை மட்டும் கோழிகளுக்குக் கொடுத்தார். அவையும் நோயில் விழுந்தன. மாவே இல்லாதபோது மாவில் உள்ள நஞ்சு எப்படி வேலை செய்யும்? அந்தக் கோழிகளுக்குப் பச்சைப்பயறு கொடுத்ததும் தேறின. உணவில் ஏதோ இருப்பதால் அல்ல, ஏதோ இல்லாததால் நோய் வருகிறது என்று அவர் 1901-ல் எழுதினார். அந்த ‘ஏதோ’தான் வைட்டமின் பி1. 1926-ல் அதைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1936-ல் ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது நம் பக்கத்து நெல்லூரில். எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. ஹ்ரெய்ன்ஸுக்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் மகள் என்ன செய்யலாம்?

முதலில் இரவுச் சாப்பாட்டின்போது ஒரு விளையாட்டு. 1960-ல் பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் மாணவர்களிடம் நடத்தியது. ‘2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிப்படி இருக்கின்றன. நீயும் மூன்று மூன்று எண்களாகச் சொல், விதிக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் சொல்வேன், விதியைக் கண்டுபிடி’ என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் 8, 10, 12 என்பார்கள், 20, 22, 24 என்பார்கள். எல்லாவற்றுக்கும் நீங்கள் ‘ஆமாம்’ என்பீர்கள். இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று அடித்துச் சொல்வார்கள், அது தப்பு. விதி, எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பது மட்டும்தான். 1, 7, 50 என்று கேட்டிருந்தால் ஒரே கேள்வியில் அந்த எண்ணம் உடைந்திருக்கும். தன் ஊகத்தை உடைக்கக்கூடிய கேள்வியைக் கேட்பது யாருக்கும் இயல்பாக வருவதில்லை, பழகித்தான் வர வேண்டும்.

அதன் பிறகு பயறுக்கு வாருங்கள். வெந்நீரில் ஏன் முளைக்கவில்லை? சூட்டில் கரு செத்திருக்கலாம் என்றுதான் நானும் சந்தேகிக்கிறேன். ஆனால் அந்தக் கிண்ணம் ஃபேனுக்குக் கீழே இருந்து காய்ந்திருக்கவும் கூடும், இரண்டு கிண்ணத்துப் பயறும் வேறு வேறு பாக்கெட்டாக இருந்திருக்கவும் கூடும். சூடுதான் காரணம் என்றால் வெதுவெதுப்பான நீரில் பெரிய சேதம் இருக்கக் கூடாது, சூடு ஏற ஏற முளைப்பு குறைய வேண்டும். ஒரே பாக்கெட்டிலிருந்து கிண்ணத்துக்கு 50 பயறு எண்ணிப் போடட்டும். பத்துப் பயறை வைத்துப் பேசினால் தற்செயல் ஏமாற்றிவிடும். ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் 40 டிகிரி, ஒன்றில் 60, ஒன்றில் கொதிநீர். கொதிநீரையும் பச்சைத் தண்ணீரையும் சம அளவு கலந்தால் 60-க்குப் பக்கத்தில் வரும். பள்ளி ஆய்வகத் தெர்மாமீட்டர் கிடைத்தால் நல்லது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரை மட்டும் வெந்நீரில் விட வேண்டாம், உடைந்துவிடும். கொதிநீரை நீங்கள் ஊற்றிக் கொடுங்கள். கிண்ணங்கள் இருக்கும் இடத்தை நடுவில் மாற்றி மாற்றி வைக்கட்டும், ஃப்ளெட்சர் செய்த மாதிரி.

சார்ட்டில் நடந்த வரிசையிலேயே எழுதட்டும்: முதலில் நினைத்தது, நடந்தது, அதனால் தோன்றிய புதிய ஊகம், எது நடந்தால் அதுவும் தப்பு, கடைசியில் கிடைத்த எண்கள். மதிப்பெண்ணுக்கு நான் உறுதி தர முடியாது. ஆனால் எந்த நடுவர் எதைக் கேட்டாலும் அவளால் நிமிர்ந்து நின்று பதில் சொல்ல முடியும்.

பச்சைப்பயறு ஒரு ராத்திரி ஊறி, இன்னும் ஒன்றிரண்டு நாளில் முளை காட்டிவிடும். பத்து நாளில் மூன்று முறை செய்ய நேரம் இருக்கிறது. ஊறவைப்பதற்கு முந்தைய ராத்திரியே இரண்டாவது கருதுகோளை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு உங்களிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.