கண்ணுல தண்ணி கொட்டுது, டாக்டர் 'ட்ரை ஐ'ங்கறாங்க!

கேள்வி: மூணு வாரம் முன்னாடி ரெண்டு கண்ணுக்கும் லேசர் பண்ணேன். கருவிழி மெல்லிசா இருக்கு, லேசிக் வேணாம், பிஆர்கேங்கற இன்னொரு லேசர் முறைல பண்ணிக்கலாம்னுட்டாங்க. கண்ணாடி போயிடுச்சு, சந்தோஷம்தான். ஆனா வண்டில போனா, ஃபேனுக்கு நேரா உக்காந்தா பொலபொலன்னு தண்ணி ஊத்துது. டாக்டர்கிட்ட காட்டினா 'ட்ரை ஐ'ங்கறாங்க, இவ்ளோ தண்ணி வர்ற கண்ணு எப்படிங்க காஞ்சிருக்கும்? அம்மா வேற பன்னீர் ரெண்டு சொட்டு விட்டா சரியாயிடும்னு பாட்டிலோட நிக்கறாங்க.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மொதல்ல அந்த பன்னீர் பாட்டிலை வாங்கி சாமி ரூம்ல வச்சிடுங்கம்மா. ஆறிக்கிட்டு இருக்கற கருவிழிக்கு அது ஆகவே ஆகாது.

டாக்டர் சொன்னது சரிதான். வெங்காயம் நறுக்கினா, காத்து அடிச்சா கொட்டுற கண்ணீர் வேற, எந்நேரமும் கண்ணு மேல மெல்லிசா பூசினாப்ல இருக்கற கண்ணீர் வேற. இந்த ரெண்டாவது இருக்கே, அதுல எவ்ளோ சரக்கு இருக்கு தெரியுமா, கிருமியோட சுவரையே உடைக்கிற லைசோசைம், கிருமிக்கு வேண்டிய இரும்பைப் புடுங்கி வச்சுக்கற லாக்டோஃபெரின், அப்புறம் புண்ணு ஆற செல்லுங்களை வளரச் சொல்ற இஜிஎஃப்னு ஒரு புரதம். 1962ல ஸ்டான்லி கோஹன் எலியோட எச்சில் சுரப்பில இருந்து எடுத்த சாறை பொறந்த எலிக்குட்டிகளுக்குப் போட்டுப் பாத்தாரு, குட்டிங்க வழக்கமான நாளுக்கு முன்னாடியே கண்ணைத் தொறந்துடுச்சுங்க! அதுக்குக் காரணம் இந்த இஜிஎஃப்தான், 1986ல நோபல் வாங்கிக் குடுத்துச்சு. கருவிழில ரத்தக் குழாயே கெடயாது, அதனால மேல்தோல் ஆறணும்னா கண்ணீரைத்தான் ரொம்ப நம்பியிருக்கு.

உங்களுக்கு பிஆர்கேல மேல்தோலை எடுத்துட்டு அப்புறம்தான் லேசர் விட்டிருப்பாங்க. (வான்கோழிக் கறில அந்த லேசரை விட்டு, சுடாம சுத்தமா செதுக்குதுன்னு 1981ல ஐபிஎம் கம்பெனில பாத்தவர் நம்ம மெட்ராஸ் யூனிவர்சிட்டில படிச்ச ரங்கசாமி சீனிவாசன், இதைச் சொல்லாம தாண்ட மனசு வரல.) தோல் நாலஞ்சு நாள்ல மூடிக்கும், அதுவரைக்கும் கட்டு மாதிரி கண்ணு மேல வச்ச கான்டாக்ட் லென்ஸையும் எடுத்துருப்பாங்க. ஆனா அங்க இருந்த நரம்பு நுனிங்க வளர மாசக்கணக்காகும். 'கண்ணு காயுது'ன்னு சேதி சொல்றதே அந்த நரம்புதான், அது மந்தமானா பூச்சு கண்ணீர் கொறஞ்சிடும், இமைக்கறதும் கொறயும், பூச்சு அங்கங்க விட்டுப்போகும், அந்த எடத்துல காத்து பட்டதும் சுரீர்னு எரிஞ்சு மொத்தமா கொட்டும். கொட்டுற தண்ணில இஜிஎஃப் நீர்த்துப் போயிருக்கும், நின்னு பூசிக்காம கன்னத்துலதான் வழியும். பன்னீர் விட்டாலும் இருக்கற கொஞ்சத்தையும் கழுவி விடறதுதான், அதுவும் சுத்தம் பண்ணாத தண்ணி.

அதனால டாக்டர் எழுதின லூப்ரிகன்ட் சொட்டை (கண்ணை ஈரமா வச்சுக்கற மருந்து), எரியறதுக்குக் காத்திருக்காம சொன்ன நேரத்துக்கு விடுங்க. ஸ்டீராய்டு சொட்டு குடுத்திருந்தா கருவிழி மங்கலாகாம இருக்கத்தான், நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா நீட்டிக்கவும் செய்யாதீங்க, கண்ணு பிரஷர் ஏறிடும். வண்டில போறப்ப காத்து படாம இருக்க ஒரு கண்ணாடி போட்டுக்கங்க, ஃபோன் பாக்கறப்ப வேணும்னே இமைங்க, கசக்கவே கூடாது. வலி, செவப்பு, திடீர்னு பார்வை மங்கறதுன்னு எது வந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

அம்மாவுக்கு மனசு கேக்கலன்னா அந்த சொட்டு மருந்தை அவங்களையே விடச் சொல்லுங்க, சோப்பு போட்டு கை கழுவிட்டு, பாட்டில் நுனி இமைல படாம.