கீமோ நடக்கும்போது நீராகாரமும் ப்ரோபயாடிக்கும்

வணக்கம். அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. தஞ்சாவூரில் ஆபரேஷன் முடிந்து, இப்போது ஆக்ஸாலிபிளாட்டினும் கேபசிடபின் மாத்திரையும் போகிறது. மருந்து ஏற்ற நெஞ்சில் போர்ட் வைத்திருக்கிறார்கள். நல்ல பாக்டீரியா புற்றுநோயைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, தினமும் நீராகாரம் கொடுக்கச் சொல்கிறார் பெரியம்மா. மருந்துக்கடையிலும் நல்ல கிருமிகள் அடங்கிய ப்ரோபயாடிக் கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டையும் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். கேப்ஸ்யூல் அட்டையை அடுத்த கீமோவுக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய் அல்ல. 2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஈ. கோலை நிஸ்ல் என்ற பாக்டீரியாவை மரபணு மாற்றம் செய்தார்கள். அது பெருங்குடல் புற்றுச் செல்லில் ஒட்டிக்கொண்டு ஒரு நொதியைச் சுரக்கும். ப்ரோக்கோலி வகைக் காய்களில் இருக்கும் ஒரு பொருளை அந்த நொதி சல்ஃபோராஃபேனாக மாற்றும். அதில் புற்றுச் செல் சாகும். எலிகளுக்குக் கட்டிகள் குறைந்தன. அந்த பாக்டீரியா எந்தக் கடையிலும் இல்லை. அதைவிட முக்கியம், இயற்கையான நிஸ்ல் வகையிலேயே, டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் கோலிபாக்டின் என்ற நச்சைத் தயாரிக்கும் மரபணுக்கள் இருக்கின்றன. 'நல்ல' என்ற அடைமொழியை நம்பி விழுங்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மனிதர்களிடம் கிடைத்த பலன் வேறு. 2007இல் வெளியான பின்லாந்து ஆய்வில், 5-எஃப்யூ என்ற கீமோ மருந்து பெற்ற 150 பேரில் லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி என்ற ப்ரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கு 22 சதவீதம், சாப்பிடாதவர்களுக்கு 37. கேபசிடபினும் உடலுக்குள் 5-எஃப்யூவாகத்தான் மாறுகிறது. ஆகவே டாக்டரிடம் கேட்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் குறைந்தது வயிற்றுப்போக்குதான், கட்டி அல்ல.

ஆபத்து ரத்த அணுக்களில் இருக்கிறது. மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் வழக்கமாக மிகவும் இறங்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போனால் குடலில் சும்மா இருக்கும் கிருமியே ரத்தத்தில் கலந்துவிடலாம். அட்டையில் 'சாக்கரோமைசஸ் பவுலார்டி' என்றிருந்தால் அது பாக்டீரியாகூட அல்ல, ஈஸ்ட். அந்தக் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கரைத்தால் தூள் கையில் ஒட்டும். அதே கை, ஊசி செருகியிருக்கும் போர்ட்டைத் தொட்டால் ஈஸ்ட் நேராக ரத்தத்துக்குப் போகலாம்.

நீராகாரம் நம் பக்கத்து உடம்புக்குப் பழகியதுதான். ஆனால் அரிசியிலுள்ள பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (ஸ்போர்) கொதியிலும் சாவதில்லை. இரவெல்லாம் வெளியில் கிடந்த சோற்றில் அது பெருகி நச்சு விட்டுவிட்டால், மறுபடி சுடவைத்தும் பயனில்லை. ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்றால், ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்தது பட்டாலே தொண்டை இறுக்கிக்கொள்ளும். அப்போதுதான் வடித்த சாதத்தைக் குழைத்து இளஞ்சூட்டில் கொடுங்கள். அணு எண்ணிக்கை சரியாக இருந்து டாக்டரும் சம்மதித்தால், காய்ச்சிய பாலில் அன்றன்று உறைந்த தயிரைச் சேர்க்கலாம், குளிர வைக்காமல்.

ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறை கூடுதலாக வயிறு போனால் அடுத்த வேளை கேபசிடபினைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்க வேண்டாம். அந்த இரவே வண்டி பிடித்துத் தஞ்சாவூர் போய்விடுங்கள்.