ரம்பத்துக்கு முன்னால் கண்

பெங்களூருவின் தெற்கு ஓரத்தில், ஆனேக்கலிலிருந்து கனகபுரா சாலை வரை தோட்டம் வைத்திருக்கும் வாசகர்கள் பலர் ஒரே விஷயத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். சாய்ந்த மரத்தை விறகுக்குப் போட மனம் வரவில்லை, செயின்சாவைக் கொண்டே பலகை அறுக்க முடியுமா என்கிறார்கள். முடியும். அந்த மரத்தில் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதால், இரண்டு வகைக் கேள்விகளையும் கலந்தே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: காற்றில் சாய்ந்த மாமரம், 22 அங்குலக் குறுக்களவு, 8 அடி நீளம். என்னிடம் 50 சிசி செயின்சாவும் 18 அங்குல பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) இருக்கின்றன. போதுமா? (கனகபுரா சாலை)

போதாது. குறுக்கே வெட்டுவது வேறு, நெடுக அறுப்பது வேறு. குறுக்குவெட்டு சட்டென்று முடியும், மெஷினுக்கு மூச்சு கிடைக்கும். நெடுக அறுக்கும்போது பல நிமிடம் முழு வேகத்தில், முழுச் சுமையில் ஓட வேண்டும். 50 சிசி மெஷினை 10, 12 அங்குல சில்வர் ஓக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மாமரத்துக்கு 70 சிசிக்குக் குறையக் கூடாது, 90 இருந்தால் நிம்மதி.

பார் நீளத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பலகை ஒரே தடிமனில் வர, பாரில் ஒரு சட்டம் பொருத்த வேண்டும்; அதை ‘அலாஸ்கன் மில்’ என்று கேட்டு வாங்க வேண்டும். அதன் கிளாம்புகளே ஏறக்குறைய 4 அங்குலத்தைத் தின்றுவிடும். 24 அங்குல பாரில் 20 அங்குல மரம்தான் போகும். 22 அங்குலத்துக்கு 28 அங்குல பார் வேண்டும்.

முதல் அறுப்பு நேராக வந்தால்தான் மற்றதெல்லாம் நேராக வரும். மேடு பள்ளமான பட்டையில் சட்டம் உட்காராது. அதனால் வளையாத அலுமினிய ஏணி ஒன்றை மரத்தின் மேல் படுக்க வையுங்கள். இரு முனையிலும் அரை அடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஏணி அசையாமலிருக்க அடிக்கும் ஸ்க்ரூவின் நுனிக்கும் செயின் ஓடும் தளத்துக்கும் நடுவே குறைந்தது அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். இதை அளக்க மறந்து செயினைக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். முதல் அறுப்பு முடிந்ததும் ஏணியைக் கழற்றிவிடலாம். அறுத்த தளமே அடுத்த அறுப்புக்கு வழிகாட்டி.

மரத்தின் ஒரு முனையை அரை அடி உயர்த்தி வைத்து, உயர்ந்த பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். மெஷின் தன் எடையிலேயே இறங்கிப் போகும், கை தள்ள வேண்டியதில்லை. இரண்டடிக்கு ஒரு ஆப்பு செருகுங்கள். மர ஆப்பு அல்லது பிளாஸ்டிக் ஆப்பு மட்டும்தான், இரும்பு வேண்டாம். அறுத்து முடித்தவுடன் மெஷினை அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டுச் சூட்டைத் தணியுங்கள்.

பெட்ரோல் கலவையில் கவனம் தேவை. பெட்ரோலில் கலக்கும் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் மெஷின் கம்பெனியின் சொந்தம் என்றால் பொதுவாக லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50க்கு 1. சாதாரண 2டி ஆயிலுக்குப் பல கையேடுகள் 25க்கு 1 என்கின்றன. உங்கள் மெஷினின் கையேட்டில் இருப்பதையே பின்பற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், நாள்பட நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், கார்புரேட்டரின் ரப்பர் சவ்வையும் கெடுக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்யுங்கள். ஆயில் குறைந்த கலவையில் முழுச் சுமை ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். அந்தச் செலவு பலகையின் விலையைத் தாண்டிப் போகும்.

கேள்வி: பலகை ஒல்லியாக, ஓர் அங்குலத்தில் வேண்டும். அறுக்கலாமா? (ஜிகணி)

அறுக்கலாம், ஆனால் வேண்டாம் என்போம். செயின் போன வழியில் 9 மில்லிமீட்டர் அளவுக்கு மரம் தூளாகப் போகிறது. 1 அங்குலப் பலகைக்கு இப்படிச் செலவழித்தால் மரத்தில் கால் பங்குக்கு மேல் தூள்தான். 2 அங்குலத்தில் அறுத்தால் இழப்பு 15 சதவீதம். தடிமனாக அறுத்துக் காயவைத்து, பிறகு ஆசாரியிடம் பேண்ட்சாவில் பிளந்துகொள்வதுதான் லாபம்.

கேள்வி: அறுத்த முகம் அலை அலையாக வருகிறது, புகையும் வருகிறது. (ஆனேக்கல்)

செயினைப் பாருங்கள். கடையில் வரும் செயினில் பல்லின் மேல் விளிம்பு 30 டிகிரி. அது குறுக்குவெட்டுக்கானது. நெடுக அறுக்க 10 டிகிரி வேண்டும். அந்தக் கோணத்திலேயே வரும் ரிப்பிங் செயின் கிடைக்காவிட்டால், இருக்கும் செயினையே சிறிது சிறிதாக 10 டிகிரிக்கு அரம் போட்டுக்கொண்டு வரலாம். 3/8 அங்குலப் பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 5.5 அல்லது 5.2 மில்லிமீட்டர் உருளை அரம், .325 அங்குலப் பிட்ச் செயினுக்கு 4.8. இடப்பக்கப் பல்லுக்கு எத்தனை இழுப்போ வலப்பக்கத்துக்கும் அத்தனை. ஒரு பக்கப் பல் நீளமாக இருந்தால் செயின் அந்தப் பக்கம் இழுக்கும். சட்டம் பாரின் இரு முனையையும் பிடித்திருப்பதால் நடுப்பகுதி வில்லாக வளையும். அதுதான் நீங்கள் பார்க்கும் அலை.

பல்லுக்கு முன்னாலுள்ள மட்டக்கட்டை பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். அதற்கு மேல் தாழ்த்தினால் மெஷின் திணறும். புகைக்குக் காரணம் மழுங்கிய பல் அல்லது பாருக்கு ஆயில் போகாதது. நீளமான பாரில் மெஷினின் சொந்த ஆயில் பம்ப் நுனி வரை எட்டாது. நுனிப் பக்கம் தனியாக ஒரு சொட்டு ஆயில் டப்பா பொருத்துங்கள். இரண்டு மூன்று அறுப்புக்கு ஒருமுறை அரம் போடுவதை வழக்கமாக்குங்கள். தூள் மாவு போலப் பொடியத் தொடங்கினால் அதற்கும் முன்பே நிறுத்துங்கள்.

கேள்வி: ஜெயநகரில் எங்கள் வீட்டு வாசலில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தை எடுத்துக்கொள்ளலாமா?

தெருவோர மரம் விழுந்தாலும் அது உங்களுடையது ஆகாது. மாநகராட்சி வனப் பிரிவிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சொந்த நிலத்து மரத்துக்கும் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976 பொருந்தும். மர அலுவலரிடம் முதலில் எழுதிக் கேளுங்கள். சந்தனம், ஈட்டி என்றால் கைவைக்கும் எண்ணமே வேண்டாம், நேராக வன அலுவலகம். மரத்தை வண்டியில் ஏற்றும் முன் அனுமதிச் சீட்டு பற்றியும் விசாரியுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கூலிக்கு அறுத்துக் கொடுப்பது மர ஆலைக் கணக்கில் போய்விடும், உரிமம் இல்லாமல் செய்யாதீர்கள்.

நகரத்து மரத்தில் இன்னொரு ஆபத்து ஆணி. விளம்பரத் தகடு, கேபிள், பழைய வேலிக்கம்பி எல்லாம் பட்டைக்குள் புதைந்திருக்கும். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையடக்க மெட்டல் டிடெக்டர் சில அங்குல ஆழம்தான் காட்டும். அதனால் ஒவ்வொரு பலகையை எடுத்த பிறகும் புதிய முகத்தை மறுபடி தடவிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: தைல மரம் அறுத்தேன். பாதியில் பார் இறுகியது, பலகையும் வில் போல வளைந்துவிட்டது. (தளி)

உங்கள் கைக்குற்றம் இல்லை. தைல மரத்தின் வெளிப்பகுதி இழுப்பிலும் உள்பகுதி அமுக்கத்திலும் இருக்கும். ஒரே பக்கத்திலிருந்து தொடர்ந்து அறுத்தால் அந்தச் சமநிலை கெட்டு மரமே வளையும். மேலே ஒரு பலகை எடுத்ததும் மரத்தை 180 டிகிரி புரட்டி அடியில் ஒன்று எடுங்கள், மாறி மாறி. நடுத்தண்டை 4 அங்குலச் சதுரக் கட்டையாக ஒதுக்கிவிடுங்கள், அதிலிருந்து பலகை எடுத்தால் வெடிக்கும். நீளத்தையும் 5, 6 அடிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பலகை அடுக்கில் பாம்பு வந்து தங்குகிறது. எங்கே, எப்படி அடுக்குவது? (பன்னேர்கட்டா சாலை)

பாம்பு எலிக்காகவும் இருட்டுக்காகவும் வருகிறது. இரண்டையும் கொடுக்காமல் அடுக்கினால் பலகையும் நன்றாகக் காயும். ஹாலோ பிளாக்கின் மேல் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அடுக்கைத் தொடங்குங்கள். டார்ச் அடித்தால் அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரிய வேண்டும். பலகைகளுக்கு நடுவே 1 அங்குல ரீப்பர், ஒன்றரை அடிக்கு ஒன்று. மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேர் மேலே வர வேண்டும், தள்ளிப் போனால் பலகை அந்த இடத்தில் தொய்யும். மேலே தகரம், அதன் மேல் கல். பக்கங்களைத் தார்ப்பாயால் மூடாதீர்கள்: காற்று நின்றால் பூஞ்சணம், மறைவு கிடைத்தால் பாம்பு. கோழித் தீவனம், ராகி மூட்டை எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

அறுத்த அன்றே இரு முனைகளுக்கும் இரண்டு கோட்டு பெயிண்டோ உருக்கிய மெழுகோ பூசுங்கள். மார்ச், ஏப்ரல் காற்றில் முனைகள் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். மா, தூங்குமூஞ்சி மரங்களின் வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் குடைபூச்சி விழும். 10 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் வெண்காரம், 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து, ஈரப் பலகையில் இரண்டு முறை பூசி, ஒரு வாரம் மட்டும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி வைத்துப் பிறகு அடுக்குங்கள். காய்கறி வெட்டும் பலகைக்கு இது கூடாது. மழையில் நனையும் சாமானுக்கும் பயனில்லை, கரைந்து போய்விடும். காய்வதற்கு அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது கைக்கணக்கு. ஒரு துண்டை மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றால் காய்ந்தது.

பலகை எடுக்கும்போது கையை அடியில் விடாதீர்கள். எதிர்ப்பக்கம் நின்று கொக்கியால் உங்களை நோக்கி நிமிர்த்துங்கள். அப்போது பலகையே உங்களுக்கும் பாம்புக்கும் நடுவில் தடுப்பாக நிற்கும். இந்தப் பக்கத்தில் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன் மூன்றும் உண்டு. கட்டு விரியன் கடியில் வலி தெரியாமலே போகலாம், அதனால் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். எது அருகில் என்பதை இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பட்ட மரத்தில் பொந்துகள் இருக்கின்றன. பறவை இல்லை என்று எப்படி உறுதி செய்வது? (ராமநகரா)

பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொந்தில் புள்ளி ஆந்தை இருந்தால் அந்தி மயங்கும்போது வாசலில் வந்து உட்காரும். குக்குறுவான் என்றால் வட்டமான, விளிம்பு சுத்தமான ஓட்டை இருக்கும். மூன்று நாள் விடியலிலும் அந்தியிலும் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கோடையில் குஞ்சு இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் குஞ்சு பறக்கும் வரை மரம் நிற்கட்டும். பட்ட மரம் சில வாரத்தில் கெட்டுவிடாது.

தேவாங்குக்கு இதைவிடக் கவனம் வேண்டும். பெங்களூருவைச் சுற்றிய தோப்புகளில் இன்னும் இருக்கிறது, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். பகலில் முட்புதரிலும் கொடிப் பின்னலிலும் சுருண்டு தூங்கும். மெஷின் சத்தம் கேட்டாலும் ஓடாது, ஒடுங்கிக்கொள்ளும். அதனால் கொடி படர்ந்த மரத்தை வெட்டும் முந்தின இரவு, டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிப் பாருங்கள். செம்மஞ்சளாக இரண்டு கண் மின்னினால் வேலையைத் தள்ளிப் போடுங்கள். பக்கத்து மரங்களோடு தொடும் கிளைகளை விட்டுவைப்பதும் முக்கியம், கிளை வழியாகத்தான் அது நடமாடுகிறது. அடிபட்ட உயிரைக் கண்டால் கர்நாடக வனத்துறை உதவி எண் 1926.

கேள்வி: யானை வரும் பகுதியில் எப்போது மெஷின் ஓட்டலாம்? (ஹாரோஹள்ளி)

காலை எட்டுக்கு மேல், மாலை நாலரைக்குள். பன்னேர்கட்டா காடு காவிரி வனச் சரணாலயப் பக்கமும் தளிக் காடுகளோடும் தொடர்ந்து கிடப்பதால், ராகி விளையும் நவம்பர், டிசம்பரில் யானைகள் வயலை நோக்கி இறங்கும். பலா பழுக்கும் மாதங்களிலும் வரும். செயின்சா பக்கத்தில் காதடைப்பு மாட்டி நிற்பவருக்குப் பின்னால் எது வந்தாலும் கேட்காது. தனியாக அறுக்காதீர்கள். காட்டுப் பக்கம் பார்த்து நிற்க ஒருவர் வேண்டும்; ஏதாவது வந்தால் அவர் உங்கள் கண்ணில் படும்படி கை காட்ட வேண்டும். பலா மரம் அறுக்கிறீர்கள் என்றால் பழத்தை முதல் நாளே தோட்டத்திலிருந்து அகற்றுங்கள்.

கேள்வி: சில்வர் ஓக் தூள் பட்டுக் கை அரித்துத் தடித்துவிட்டது. (ஆனேக்கல்)

அந்த மரத்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு. மாமரப் பாலுக்கும் உண்டு. முழுக்கைச் சட்டை, முகமூடி, வேலை முடிந்ததும் சோப்புக் குளியல். தடிப்பு அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சாய்ந்த புங்க மரத்தின் பொந்தில் கொசுத்தேனீ இருக்கிறது. கூட்டைக் காப்பாற்ற முடியுமா? (தேன்கனிக்கோட்டை)

முடியும். தேனீக்கள் அடைந்த பிறகு, வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே வாசல் குழாயை மெல்லிய கம்பி வலையால் மூடுங்கள். பொந்து எதுவரை போகிறது என்பதை மரத்தைத் தட்டிச் சத்தத்தால் கணித்து, இரு பக்கமும் ஓர் அடி கூடுதலாக விட்டு வெட்டுங்கள். மரம் நின்றபோது எது மேல்பக்கமோ, விழுந்த பிறகு எத்தனை நாள் கிடந்ததோ, அதைப் பொறுத்துச் செய்ய வேண்டும்: நேற்று விழுந்தது என்றால் பழையபடி நிமிர்த்துங்கள், வாரக்கணக்கில் கிடந்தது என்றால் கிடந்த நிலையிலேயே வையுங்கள். அறைகளில் முட்டை கூழ் உணவின் மேல் மிதக்கிறது, திடீரென்று புரட்டினால் மூழ்கிச் சாகும். துண்டை அதே இடத்துக்குப் பக்கத்தில், வாசல் முன்பு பார்த்த திசையையே பார்க்க, கூரைக்கு அடியில் வைத்து வலையை எடுத்துவிடுங்கள். எறும்பு ஏறாமலிருக்கத் தாங்கும் கால்களில் கிரீஸ் தடவுங்கள்.